மலையில் பழைய பொதுக் கட்டடம்: ஓதம், ஒழுக்கு, விரிசல் வந்தால் எதை முதலில் பார்ப்பது?

நீலகிரியில் நூறு வருடம் தாண்டிய பொதுக் கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. பள்ளிக்கூடம், வாசகசாலை, மருத்துவமனை வார்டு, பழைய அலுவலகம் என்று நிறையப் பார்த்தாயிற்று. கூப்பிடுகிறவர்கள் சொல்லும் குறைகள் ஐந்தாறுதான். திரும்பத் திரும்ப அவையேதான் வரும். அவற்றுக்கு நாங்கள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈரமான சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அதைக் கொத்தி எடுப்பதிலேயே பாதிப் பணம் போய்விடும்.

அதனால் குறையை வைத்தே வழி சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். பெரிய செலவு கடைசியில் இருக்கட்டும். ரொம்பச் சிதைந்துவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால், கோத்தகிரி கன்னேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களாவை ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பாழடைந்து கிடந்ததை மீட்டெடுத்தார்கள், இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

மழை பெய்யும்போது குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். அரை மணி நேரம் போதும். கூரையிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே பொங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, ஒரு தாளில் கட்டடத்தின் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வந்து பார்த்துவிட்டு மதிப்பீடு போடுகிற யாரையும் நான் முழுதாக நம்புவதில்லை.

அடுத்து, மாதத்தையும் குறியுங்கள். ஊட்டியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று மழையை மேற்குப் பக்கச் சுவரில் அறையும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் பெரிது, அங்கே கிழக்குப் பக்கம் நனையும். எந்தச் சுவர் எந்த மாதம் ஈரமாகிறது என்று தெரிந்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, சுவர் பூச்சு எதனால் ஆனது என்று பாருங்கள். மறைவான இடத்தில் ஆணியால் கீறுங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து ஆணி வழுக்கினால் சிமெண்ட். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒரு எச்சரிக்கை. ஈரம் மின்சார ஒயர் ஓடும் இடத்தில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

குறை 1: சுவரின் அடியில் ஓதம், உப்பு பூக்கிறது, பெயிண்ட் பொரிந்து விழுகிறது

தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குள் ஈரம் நிற்கிறதா, அதன் மேல் விளிம்பில் அலை அலையாகக் கறை இருக்கிறதா? அப்படியென்றால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது, இதைத்தான் ஓதம் என்கிறோம்.

*வெளியே தண்ணீர் தேங்குகிறது என்றால்*

இதுதான் மிகச் சாதாரணக் காரணம். மழைநீர்க் குழாயின் கீழ் வாய் உடைந்து, தண்ணீர் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். இல்லை, சாக்கடை அடைத்திருக்கும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை, சைப்ரஸ் ஊசி, பாசி மூன்றும் சேர்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். கையை விட்டு வாரி எடுங்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா பாருங்கள். குழாயின் வாயைச் சுவரிலிருந்து தள்ளி விடுங்கள். அதோடு நிறுத்தி, ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பாருங்கள்.

குன்னூரில் ஒரு பழைய வாசிப்பு அறையில் ஒரே மூலைக்கு மூன்று முறை சிமெண்ட் பூசியிருந்தார்கள். நாங்கள் போனபோது அங்கே பெருக்கும் அம்மா சொன்னார்: “மழைக்கு அந்தக் குழாய் பொங்குமுங்க சார், சுவத்துலதான் வடியும். யாரும் கேக்கல, நானும் சொல்லல.” குழாயின் வளைவில் இலை அடைத்திருந்தது. அன்று முதல், கட்டடத்தில் தினமும் புழங்குகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஏணி வைக்கிறேன்.

*வெளித்தரை உயர்ந்துவிட்டது என்றால்*

வெளியே நின்று, உள்தரை எந்த மட்டத்தில் இருக்கிறது, வெளித்தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். வருடா வருடம் தார், கான்கிரீட், டைல்ஸ் என்று மேலே மேலே போட்டதில் வெளித்தரை உள்தரைக்குச் சமமாகியிருக்கும், சில இடத்தில் அதைவிட உயர்ந்தே இருக்கும். பூச்சை மாற்றி ஒரு பயனும் இல்லை. சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு அந்தக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, உள்தரை மட்டத்துக்குக் கீழே வரும்வரை தோண்டி, சரிவுப் பக்கமாக வாட்டம் கொடுத்து ஜல்லி நிரப்புங்கள். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகக் கூடாது. எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால் பொறியாளரைக் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.

*சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்திருந்தால்*

விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது, பின்னால் ஈரம் அடைபட்டிருக்கிறது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் நனையும், காயும். வெளியே போக வழியில்லாதபோது உப்பு உள்ளேயே இறுகிச் செங்கல்லின் முகத்தையே பொடியாக்கிவிடும்.

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு சிமெண்ட் பூச்சைக் கையால், சிற்றுளியால் எடுங்கள். இயந்திரம் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். சுவரை இரண்டு மூன்று மாதம் திறந்தே விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மேலதிகாரி வருகிறார், விழா வருகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அந்த இரண்டு மாதத்துக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும்.

காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரை. நன்றாக நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு என்பது பொதுவான அளவு. ஈரம் அதிகம் படும் இடத்துக்குச் செங்கல் பொடியான சுர்க்கி கொஞ்சம் சேர்க்கலாம். கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். அந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர் கிடைத்தால் அவர் சொல்படி விடுங்கள், தெரியாமல் அளவு மாற்ற வேண்டாம். ஒரு பூச்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். முதல் பூச்சு இறுகின பிறகு அடுத்தது. ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காய விடுங்கள். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும், தண்ணீராகக் கரைத்து மூன்று நான்கு தடவை.

காலத்தைக் கவனியுங்கள். ஊட்டியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகள் உண்டு. இறுகாத காரை உறைந்தால் மறுநாள் மாவாக உதிரும். மார்ச்சிலிருந்து மே வரை தோதான காலம்.

சுண்ணாம்பு விலை கூடுதல்தானே என்று கேட்பார்கள். எரிபொருள் கணக்கையும் பாருங்கள்: சுண்ணாம்பு சுட ஏறத்தாழ 900 டிகிரி சூடு போதும், சிமெண்டுக்கு 1450 டிகிரி வரை வேண்டும். இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும். அதைவிடப் பெரிய மிச்சம், அதே சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கொத்தாமல் இருப்பது.

*பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதில் தேர்ந்த கட்டடக் கலைஞரைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* மேலே சொன்ன எல்லாம் செய்து இரண்டு மழைக்காலம் ஆகியும் ஓதம் ஏறுகிறது, அல்லது செங்கல்லின் முகமே உள்ளங்கை அகலத்துக்கு உதிர்கிறது. சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றுகிறோம் என்று வருகிறவர்களை அதற்கு முன் உள்ளே விடாதீர்கள். கல்லும் மண்ணும் கலந்து நிரப்பிய தடித்த சுவரில் அந்த மருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

குறை 2: மேலிருந்து ஒழுகுகிறது, உட்கூரைப் பலகையில் கறை

கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் கைமரத்தின் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) வழியாக ஓடி வேறெங்கோ சொட்டும். அட்டத்துக்குள் (கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) ஏறி, விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்கட்டியால் குறியுங்கள்.

*ஓட்டுக் கூரை என்றால்.* முதல் சந்தேகம் குரங்கு. குன்னூர்ப் பக்கம் ஓடு நகர்வதற்கும் உடைவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். நகர்ந்ததைத் திரும்ப இழுத்து வையுங்கள், உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். மங்களூர் ஓடு 1860-களிலிருந்தே தயாராகிறது. பழைய ஓட்டின் பின்புறத்தில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். அதைப் பார்த்து, அளவு ஒத்துப்போகிற பழைய ஓட்டை இடிக்கும் வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்து வையுங்கள். புது ஓடு ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் ஓடுகள் ஒன்றோடொன்று கோக்கும் பூட்டு உட்காராது. நாங்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு மூலையில் நூறு ஓடாவது அடுக்கி வைத்துவிட்டுத்தான் வருவோம்.

அடுத்த சந்தேகம் முகட்டு ஓட்டின் சந்து. அங்கே வைத்த காரை வெடித்திருக்கும். கெட்டி சிமெண்ட் வைத்தால் வெயிலுக்கும் பனிக்கும் ஓடு விரிந்து சுருங்கும்போது மறுபடி வெடிக்கும். சுண்ணாம்புக் காரையே வையுங்கள்.

*தகரக் கூரை என்றால்.* ஆணியையும் வாஷரையும் பாருங்கள். தகரத்தின் பள்ளத்தில் அடித்த ஆணி கட்டாயம் ஒழுகும், அது மேட்டில் இருக்க வேண்டும். வாஷரை மாற்றுங்கள். துரு பொட்டுப் பொட்டாக இருந்தால் தேய்த்துத் துரு தடுக்கும் பெயிண்ட் அடித்தால் பல வருடம் தாங்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகிற தகடு மட்டும் மாற்றத்துக்கு.

*இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தில் ஒழுகினால்.* மழைக்கு முன் ஒருமுறை, மழைக்கு நடுவில் ஒருமுறை இலை வாருங்கள். இதற்கென்று ஓர் ஆளை மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் அனுப்புவதற்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்களின் கட்டடங்களில் எனக்கு வேலையே இருப்பதில்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையில் கை அகலப் பள்ளம் அடைத்திருந்தால் உட்கூரை முழுதும் போய்விடும். உள்ளே போட்ட தகடு ஓட்டையாகியிருந்தால் தகர வேலைக்காரர் வேண்டும். மேலே தார்ச்சீலை ஒட்டுவது ஒரு பருவத்துக்குத்தான்.

*புகைபோக்கியைச் சுற்றிக் கறை என்றால்.* பயன்படுத்தாத கணப்பின் புகைபோக்கி வழியாக மழை நேராக இறங்கும். வாயில் தொப்பி போடுங்கள், ஆனால் காற்றுப் போக வழி விடுங்கள். முழுதாகக் கான்கிரீட் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கறுக்கும்.

*ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்:* கூரையின் முதுகு வளைந்திருக்கிறது, அல்லது கைமரத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவர் எளிதாக இறங்குகிறது. அப்போது யாரையும் கூரையில் ஏற விடாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த வேலை.

குறை 3: குளிர்காலத்தில் சுவர் வியர்க்கிறது, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை

ஓதமா, வியர்வையா என்று தெரிய எளிய சோதனை ஒன்று உண்டு. சமையலறை அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாகச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேல் ஈரம் இருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் இருந்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம், குறை 1-க்குப் போங்கள்.

காற்றின் ஈரம் என்றால் செலவே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மேல் ஜன்னலைப் பகலில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். பழைய கட்டடங்களில் சுவரின் உச்சியில் காற்றுத் துளை இருக்கும், குருவி வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். அறைக்குள் தேநீர் கொதிக்க வைப்பதை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னதிலேயே ஓர் அலுவலகத்தில் பூஞ்சை நின்றது.

பூஞ்சை பிடித்த புத்தகத்தையும் பதிவேட்டையும் வெயிலில் விரித்துப் போடாதீர்கள், தாள் சுருண்டு நொறுங்கும். நிழலில் காற்றாட விட்டு, முகக்கவசம் போட்டு, மெல்லிய பிரஷால் துடையுங்கள். கையெழுத்துப் பதிவேடு நனைந்திருந்தால் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

குறை 4: மரத்தளம் ஆடுகிறது, அடியிலிருந்து புளித்த நாற்றம்

வெளியே போய், சுவரின் அடியில் செங்கல் சல்லடை மாதிரி, அல்லது வார்ப்பிரும்புத் தட்டு மாதிரி சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தளத்துக்கு அடியில் காற்றோட வைத்தவை அவை. மண் மூடியிருக்கும், டைல்ஸ் மறைத்திருக்கும், எலி வருகிறது என்று யாரோ சிமெண்ட் வைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்துவிடுங்கள். எதிர்ப் பக்கமும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது.

அப்புறம் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடியுங்கள். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

மாவாகப் பொடி, ஊசித் துளை என்றால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு. பொடி புதிதாக, வெளுப்பாக விழுகிறதா என்று அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு மாதம் பாருங்கள். விழவில்லையென்றால் பழைய தாக்குதல், விட்டுவிடலாம். மண் குழாய் ஓடினால் கரையான், அதற்கு உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் வேண்டும். மரம் பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தால் அழுகல். ஈரமானி இருந்தால் வைத்துப் பாருங்கள், மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கினால் அழுகல் நிற்காது.

பெரும்பாலும் உத்தரத்தின் நுனி, சுவருக்குள் போகும் முக்கால் அடிதான் கெட்டிருக்கும். முழு உத்தரத்தையும் தூக்கி எறிய வேண்டாம். கெட்டதை அறுத்துவிட்டு அதே சாதிப் பழைய மரத்தை ஒட்டுப் போட்டுப் பொருத்தும் ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். கோவைப் பக்கம் இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் நன்றாகக் காய்ந்த தேக்கு கிடைக்கும். இந்த மலைக்கு இது புதிதல்ல. 1830-ல் அர்ச்சிக்கப்பட்ட ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் என்பது ஊரறிந்த செய்தி. ஏற்கெனவே ஒரு கட்டடத்தில் இருந்த மரம் இன்னொன்றில் இரண்டு நூற்றாண்டாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒட்டுப் போட்ட நுனியைச் சுவருக்குள் வைக்கும்போது சுற்றிலும் விரல் அகலம் காற்றிடம் விடுங்கள். சிமெண்ட் வைத்து இறுக்கினால் மறுபடி அழுகும்.

இரண்டு உத்தரத்துக்கு மேல் நுனி போயிருந்தால், முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறையில் கூட்டம் வேண்டாம்.

குறை 5: ஜன்னல் திறக்கவில்லை

மழைக்காலத்தில் மட்டும் என்றால் ஜனவரி வரை பொறுங்கள். எப்போதும் என்றால் அடுக்கடுக்காக அடித்த எனாமல் பெயிண்ட்தான், ஓரத்தில் கத்தியால் வெட்டிவிட்டுச் சுரண்டினால் திறக்கும். அடிச்சட்டம் மட்டும் அழுகியிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அலுமினிய ஜன்னலுக்கு மாறிவிடலாம் என்ற யோசனைக்கு என் பதில், நூறு வருடத் தேக்கைக் கொடுத்துவிட்டு அதை வாங்காதீர்கள் என்பதுதான்.

குறை 6: விரிசல்

பயப்படுவதற்கு முன் தேதி போடுங்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, சுவரிலேயே தேதியோடு எழுதுங்கள். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய முறை, சுவர் நகர்ந்தால் கண்ணாடி வெடிக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் முழுதாகப் பார்க்க வேண்டும்.

மயிரிழை போல, பூச்சில் மட்டும் ஓடினால் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். மழையில் விரிந்து வெயிலில் மூடினால் அடித்தளத்து மண்ணில் ஈரம் மாறுகிறது, குறை 1-ல் சொன்ன வடிகாலைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் பெரிய கற்பூர மரம் இருந்தால் அதன் வேரையும் சந்தேகப்படுங்கள். சுவர் இடுக்கில் செடி முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், கல்லும் வரும். அடியில் வெட்டி, காய விட்டு, பிறகு எடுங்கள்.

மேலே அகலமாக, கீழே குறுகலாக இருந்தால் தூக்குக்குண்டு விடுங்கள். சுவரின் தலை வெளியே சாய்ந்திருந்தால் கூரை அதைத் தள்ளுகிறது. அட்டத்தில் யாராவது குறுக்குச் சட்டத்தை அறுத்து ஒயரோ தண்ணீர்த் தொட்டியோ கொண்டுபோயிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். இதை நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம்.

*பொறியாளர் உடனே வர வேண்டிய கட்டம்:* விரிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது பென்சில் புள்ளிகள் விலகிக்கொண்டே போகின்றன, அல்லது வளைவின் நடுக்கல் இறங்கியிருக்கிறது. வருகிறவர் சுண்ணாம்புக் கட்டடத்தில் வேலை பார்த்தவரா என்று கேளுங்கள். பொதுப்பணித்துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. அரசுக் கட்டடம் என்றால் கடிதம் அங்கே போகட்டும்.

குறை 7: கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் வயிறு தள்ளுகிறது

தடுப்புச் சுவரின் நீர்த் துளைகளில் மழை நாளில் தண்ணீர் வர வேண்டும். வரவில்லையென்றால் கம்பி விட்டுக் குத்தி மண்ணை எடுங்கள். மேல் மட்டத்தில் யாராவது புதிதாக மண் கொட்டியிருக்கிறார்களா, குழாய் கசிகிறதா, மழைநீர் வாய்க்கால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். துளையிலிருந்து கலங்கல் தண்ணீர் வந்தாலும், சுவரின் உச்சிக்குப் பின்னால் தரையில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த நிலச்சரிவுகளை நேரில் பார்த்தவர்கள் யாரும் காத்திருக்க மாட்டார்கள். சுவரை ஒட்டியுள்ள அறைகளைக் காலி செய்து பூட்டுங்கள், மழை விடும்வரை யாரையும் அந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டாம், மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.